மனக்கவலை தோளிலும் தாடையிலும் இறுக்கமாக வெளிப்படுமா?

கேள்வி (பாயான் லெப்பாஸ், பினாங்கு)
வணக்கம். நான் மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் பணிபுரிகிறேன். அம்மா படுக்கையில் விழுந்ததிலிருந்து எனக்குக் கழுத்தும் தோள்களும் கல்லாக இறுகிக் கிடக்கின்றன. காலையில் தாடையும் வலிக்கிறது. எக்ஸ்ரேயில் குறை எதுவும் இல்லை என்று கிளினிக்கில் கூறியதால், வீட்டார் இதை வீண் கற்பனை என்கிறார்கள். கவலையால் இப்படி வலிக்குமா?

பதில் (பிசியோதெரபிஸ்ட், கோலாலம்பூர்)
சகோதரி, இது கற்பனை அன்று. எக்ஸ்ரே எலும்பைக் காட்டுமே தவிர, தசையின் இறுக்கத்தைக் காட்டாது. ஆபத்தை மூளை உணர்ந்தவுடன் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரந்து, எதிர்க்கவோ ஓடவோ தசைகள் ஆயத்தமாகின்றன. உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-இல் விளக்கிய இந்த ஏற்பாடு, சற்று நேரத்தில் தீர்ந்துவிடும் ஆபத்துக்கே பொருத்தமானது. தாயாரின் நோயைப் பற்றிய கவலை நாள் முழுவதும் கூடவே இருப்பதால், தசைகள் முழுமையாகத் தளர்வதில்லை. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்களா என்பதைப் பல் மருத்துவரிடம் அவசியம் காட்டிப் பாருங்கள்.

நெடுநாள் இறுகிய தசையை அதன் உரிமையாளரே உணர்வதில்லை என்பதுதான் பெரிய சிக்கல். இதற்காகவே எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் 1920-களில் ஒரு பயிற்சியை வகுத்தார்: ஒவ்வொரு தசைத் தொகுதியையும் சில விநாடிகள் வேண்டுமென்றே இறுக்கி, பிறகு விட்டுவிட்டு, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

பதில் (செந்தூல், கோலாலம்பூர்)
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் கவலையின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. அம்மாவைத் தூக்கி உட்கார வைப்பவர் நீங்கள்தானா? வேலையில் குனிந்தே இருக்கிறீர்களா? மேலும், பெண்களுக்கு இதயக் கோளாறு சில வேளைகளில் கழுத்து வலியாகவும் தாடை வலியாகவும் வெளிப்படும். மூச்சுத் திணறலோ மார்பில் அழுத்தமோ சேர்ந்தால் தாமதிக்காமல் 999 என்ற அவசர உதவி எண்ணை அழையுங்கள்.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி. மூச்சுத் திணறலோ மார்பு அழுத்தமோ இல்லை, ஐயா. அம்மாவைத் தூக்குவது நான்தான். வேலையிலும் நுண்ணோக்கியில் குனிந்தபடியே இருப்பேன். அந்தப் பயிற்சியை ஓய்வு நேரத்தில் நாற்காலியில் அமர்ந்தபடி செய்யலாமா?

பதில் (பிசியோதெரபிஸ்ட், கோலாலம்பூர்)
தாராளமாகச் செய்யலாம். கைகளிலிருந்து தொடங்குங்கள்; வலிக்கும் கழுத்தையும் தாடையையும் முழு விசையோடு இறுக்காமல், தளர்த்த மட்டும் பழகுங்கள். அம்மாவைத் தோளுக்குச் சுமையின்றித் தூக்கும் முறையை, அருகிலுள்ள அரசாங்க மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.