சீட்டு கிடைச்சாச்சு, வாளி யார் வாங்குவா? கல்வி உதவி அமைப்புகளோடு உங்கள் அனுபவம்

செங்கை சைக்கிள்

வீடு பார்க்கப் போகிறவன் நான். பிளஸ் டூ முடித்துவிட்டு மேற்படிப்புக்கு உதவி கேட்கும் பிள்ளைகளின் வீட்டுக்கு நேரில் போய், நிலைமையைப் பார்த்து எழுதித் தருகிற தன்னார்வலர் வேலை. நடிகர் சூர்யாவின் அகரம் அறக்கட்டளை 2010இல் விதைத் திட்டத்தைத் தொடங்கிய பிறகு இந்த வேலையைப் பற்றிப் பலருக்கும் தெரியும். நான் இருப்பது வேறொரு சின்ன அறக்கட்டளை.

முதல் வருடம் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். படிவத்தில் 'வீட்டிலுள்ள பொருட்கள்' என்று ஒரு கட்டம் இருக்கும். டிவி, மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் எல்லாவற்றுக்கும் டிக் போட்டு, 'ஓரளவு வசதி' என்று எழுதிவிட்டேன். கூட வந்த அக்கா அதை வாங்கிப் பார்த்தார். "தம்பி, டிவி கலைஞர் கொடுத்தது, மத்த மூணும் அம்மா கொடுத்தது. இவங்க காசு போட்டு வாங்கினது எதுன்னு கேட்டியா?" என்றார். திரும்பப் போய்க் கேட்டோம். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில்தான் என்னை உட்கார வைத்திருந்தார்கள்.

சரி, சொல்ல வந்தது வேறு. செய்யூர் பக்கம் ஒரு இருளர் குடியிருப்பு. அம்மா அப்பா செங்கல் சூளையில், பிள்ளை பாட்டியோடு இருக்கிறாள். பிளஸ் டூவில் 600க்கு 471. நர்சிங் படிக்க ஆசை. எங்கள் அறக்கட்டளை தயார். சேர்த்துக்கொள்ள ஒரு கல்லூரியும் தயார். ஆனால் சாதிச் சான்றிதழ் இல்லை. பழங்குடியினர் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது, ஆர்.டி.ஓ.தான் (வருவாய்க் கோட்டாட்சியர்) தர வேண்டும். நேரில் விசாரணை உண்டு, சொந்தக்காரர்கள் யாரிடமாவது சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பார்கள். அந்தக் குடும்பத்தில் யாரிடமும் இல்லை.

எங்களுக்கு ஃபீஸ் கட்டத் தெரியும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று தெரியாது. அது தெரிந்தவர்கள் வேறொரு அமைப்பு. கொத்தடிமைகளாக இருந்த இருளர் குடும்பங்களை மீட்கிற வேலையில் பல வருடமாக இருப்பவர்கள். அவர்களிடமிருந்து ஒரு அண்ணன் வந்தார். கையில் மஞ்சப்பை. அதற்குள் அந்த வட்டத்தில் யார் யாருக்குச் சான்றிதழ் கிடைத்திருக்கிறது, யார் யாருக்கு என்ன உறவு என்று நோட்டில் எழுதி வைத்திருந்தார். பாட்டியிடம் பதினைந்து நிமிடம் பேசினார். "உங்க நாத்தனார் மகன் மதுராந்தகத்துப் பக்கம் இருக்கான் இல்ல? அவன்கிட்ட இருக்கு" என்றார். பாட்டிக்கே அது தெரியாது. பதினெட்டு நாளில் சான்றிதழ் வந்தது.

ஹாஸ்டலில் சேரப் போன அன்று ஒரு தாள் கொடுத்தார்கள். வாளி, மக், பூட்டு, பாய், இரண்டு வெள்ளை பெட்ஷீட், வெள்ளை ஷூ. ஃபீஸ் நாங்கள், சான்றிதழ் அவர்கள், சீட்டு கல்லூரி. இந்தத் தாள் மட்டும் எவர் கணக்கிலும் இல்லை. பிள்ளை தாளை மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வழியனுப்ப வந்த பள்ளி பி.டி. டீச்சர்தான் ஆட்டோ பிடித்துப் போய் எல்லாவற்றையும் வாங்கி வந்தார். எங்கள் அமைப்பின் விதிப்படி பில் இல்லாமல் பணம் தர முடியாது. நடைபாதைக் கடையில் எவன் பில் தருவான்?

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். படித்த பிள்ளைகளும் எழுதலாம்.

ஈ.சி.இ. 2021 பேட்ச்

படித்த பிள்ளை வந்துவிட்டேன் அண்ணா. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டைப் பொறியியலுக்கும் நீட்டித்த முதல் வருடம் எங்களுடையது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டியது. அதனால் 'இவனுக்கு இனி என்ன குறை' என்றுதான் ஊரில் எல்லாரும் நினைத்தார்கள். முதல் செமஸ்டரில் நான்கு அரியர்.

தமிழ் மீடியம். கணக்கு தெரியும், கேள்வி புரியாது. வீட்டுக்கு வந்துவிடலாம் என்று பெட்டியைக் கட்டிவிட்டேன். எனக்கு உதவிய அமைப்பு பணமாக எதுவும் தரவில்லை, ஒரு ஆளைத் தந்தது. சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கிற ஒரு அண்ணன், அவரும் அரசுப் பள்ளிதான். ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு போன் வரும். முதல் நாள், "எனக்கு ஆறு அரியர்டா, உனக்கு நாலுதானே" என்றார். பெட்டியை அவிழ்த்துவிட்டேன்.

இதில் கல்லூரியின் பங்கும் உண்டு. அந்த அண்ணன் துறைத் தலைவரிடம் பேசி, எங்களைப் போன்ற பதினோரு பேருக்கு மாலையில் லேப் திறந்து வைக்கச் சொன்னார். திறந்தார்கள். ஏ.சி. மட்டும் போட மாட்டார்கள், பரவாயில்லை.

ஓய்வுபெற்ற எச்.எம்., அரியலூர் மாவட்டம்

நான் எதிர்ப்பக்கத்திலிருந்து பேசுகிறேன். எங்கள் பள்ளிக்கு ஒரே வருடத்தில் நான்கு தொண்டு நிறுவனங்கள் வந்தன. நல்லவர்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாது. பை அரசாங்கமே கொடுக்கிறது, இவர்களில் இரண்டு பேரும் கொடுத்தார்கள். ஒரு பையன் மூன்றாவது பையில் அவன் வீட்டுக் கோழிக்குத் தவிடு வைத்திருந்தான், நானே பார்த்தேன்.

இரண்டு நிறுவனங்கள் பத்தாம் வகுப்புக்கு மாலை வகுப்பு எடுக்க வந்தன. சேர்ந்தவர்கள் 40 பேர், உட்கார்ந்தவர்கள் 9 பேர். 'மாணவர்களிடம் ஆர்வம் இல்லை' என்று அறிக்கை எழுதினார்கள். எங்கள் ஊருக்குக் கடைசி டவுன் பஸ் 5.10க்கு. வகுப்பு 5 மணிக்கு. ஆர்வத்தோடு பஸ்ஸைத் துரத்த முடியுமா?

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்த ஒரு அம்மா, நூறு நாள் வேலைக்குப் போகிறவர், கூட்டத்தில் எழுந்து, "சாயங்காலத்தை விடுங்க சார், காலையில ஏழரை பஸ்ஸு காலியாத்தான வருது" என்றார். அன்றைக்குத்தான் நான்கு நிறுவனத்தையும் ஒரே மேசையில் உட்கார வைத்தேன். காலை 8 மணிக்கு வகுப்பு என்று முடிவானது. அடுத்த சிக்கல் பசி. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் அஞ்சாம் வகுப்போடு நின்றுவிடும், எங்களுடையது உயர்நிலைப் பள்ளி. நோட்டு கொடுக்க வந்தவர்களிடம், "நோட்டு வேண்டாம், சுண்டல் போடுங்கள்" என்றேன். கொஞ்சம் முகம் சுருங்கியது, நோட்டில் அவர்கள் பெயர் அச்சாகியிருந்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டார்கள். வாரத்தில் மூன்று நாள் சுண்டல், இரண்டு நாள் வாழைப்பழமும் வேர்க்கடலையும். 9 பேர் 34 ஆனார்கள்.

பேர்வேண்டாம்

எல்லாம் சரி. என் அக்கா மகனுக்கு ஒரு அமைப்பு 10,000 ரூபாய் கொடுத்தது. பெரிய அட்டைக் காசோலையோடு நிற்க வைத்து போட்டோ எடுத்தார்கள். அது பேனராக பஸ் ஸ்டாண்டில் இரண்டு வாரம் தொங்கியது, 'ஆதரவற்ற மாணவனுக்கு' என்ற எழுத்தோடு. அவனுக்கு அம்மா இருக்கிறாள், நாங்கள் இருக்கிறோம். பையன் பஸ் ஸ்டாண்டு வழியே போகாமல் சுற்றுவழியில் பள்ளிக்குப் போனான். இதையும் அனுபவத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செங்கை சைக்கிள்

பேர்வேண்டாம், உங்களோடு சண்டை போட என்னிடம் ஒன்றும் இல்லை. நாங்களும் போட்டோ எடுத்தவர்கள்தான். நிறுத்தியது அந்தச் செய்யூர் பிள்ளையால். ஆண்டு மலருக்குப் படம் எடுத்து அவளிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, "அண்ணா, எங்க வீட்டுக் கூரை தெரியாம வெட்ட முடியுமா?" என்று கேட்டாள். அந்த மலரில் அவள் படம் வரவில்லை. அடுத்த வருடத்திலிருந்து யார் படமும் வரவில்லை. நன்கொடையாளர்கள் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள், போகட்டும்.

எச்.எம். சார், உங்கள் மேசை யோசனையை அப்படியே எடுத்துக்கொண்டோம். இப்போது மே மாதக் கடைசியில் நாங்களும் அந்த மஞ்சப்பை அண்ணனின் அமைப்பும் மூன்று கல்லூரிகளும் ஒரு நாள் சேர்ந்து உட்கார்கிறோம். பெண் பிள்ளைகளுக்கு 2022இலிருந்து வருகிற புதுமைப் பெண் திட்டத்தின் 1,000 ரூபாய் எந்த மாதம் கணக்கில் ஏறும், அதுவரை கைச்செலவுக்கு யார் தருவது என்பது வரைக்கும் பேசிவிடுகிறோம். பில் இல்லாத செலவுக்கு ஒரு பிள்ளைக்கு 3,000 ரூபாய் என்று எங்கள் ஆடிட்டரை ஒப்புக்கொள்ள வைக்க எட்டு மாதம் ஆனது.

அந்தப் பிள்ளை இப்போது மூன்றாம் வருடம். ஹாஸ்டல் சாமான் பட்டியலை, எந்தக் கடையில் என்ன விலை என்பதோடு, புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது அவள்தான். இந்த வருடப் பட்டியலில் கொசுவலையும் சேர்ந்திருக்கிறது.