பற்றை விடு என்றால் வாயையும் மூடிக்கொள்ள வேண்டுமா?

பாதித்தூக்கம்:

வணக்கம். கொஞ்சம் நீளமான புலம்பல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2 வருடமாகக் காலையில் 20 நிமிடம் மூச்சைக் கவனித்து உட்காருகிறேன். புத்தர் சொன்ன நான்கு உண்மைகள், எட்டு வழி என்று எதைக் கேட்டாலும் ஒப்பிப்பேன். போன செவ்வாய்க்கிழமை ஒரு கூட்டம். நான் 6 வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு தயாரித்த அறிக்கையை, பக்கத்து இருக்கைக்காரர் தான் செய்ததுபோலத் திரையில் போட்டு விளக்குகிறார். மூன்றாம் பக்கத்தில் நான் விட்ட எழுத்துப்பிழைகூட அப்படியே இருக்கிறது. எல்லோரும் பாராட்டுகிறார்கள். "என் வேலை, என் உழைப்பு என்பதே அகங்காரம்தானே, பற்றை விடு" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

அப்புறம் 3 இரவு தூக்கமில்லை. பதினொரு மணிக்கு மேல் போனை நோண்டிக்கொண்டே கிடந்தேன். நான்காம் நாள் காலை மகன் தண்ணீர்க் குவளையைத் தட்டிவிட்டான், ஐந்து வயது, வேண்டுமென்று செய்யவில்லை. நான் போட்ட சத்தத்தில் குழந்தை அழக்கூட மறந்து நின்றான். "கூட்டத்தில் புத்தர், வீட்டில் வேறு ஆளா?" என்று மனைவி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

என் சந்தேகம் இதுதான். இந்தப் போதனை துறவிகளுக்கு மட்டும்தானா? வேலை, சம்பளம், குடும்பம் என்று இருப்பவன் இதைக் கடைப்பிடித்தால் வாயில்லாப் பூச்சி ஆகத்தான் வேண்டுமா?

சொல்தேடி:

உங்கள் குழப்பத்தில் பாதி தமிழால் வந்தது என்று சொன்னால் அடிக்க வராதீர்கள்.

பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் 'சதி' என்றால் விழிப்போடு இருப்பது, நமக்கோ சூழ்ச்சி. 'வேதனை' அங்கே இன்பம், துன்பம், இரண்டும் இல்லாத நிலை மூன்றுக்கும் பொதுவான பெயர், நமக்கு வலி மட்டும். 'பற்று' என்றதும் மொழிப்பற்று, பிள்ளைப் பாசம் எல்லாம் நினைவுக்கு வருகிறது, அதனால் பற்றை விடு என்றால் மரக்கட்டையாக இரு என்று நம் காதில் விழுகிறது. மூலச்சொல் உபாதானம். அதற்கு எரிபொருள் என்றும் ஒரு பொருள் உண்டு. நம் ஊர்ச் சொல்லே அதைச் சரியாகப் பிடிக்கிறது பாருங்கள், தீ பற்றுகிறது என்கிறோமே, அந்தப் பற்று. பற்றை விடு என்றால் விறகு போடாதே. நீங்கள் கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டு 3 இரவு கட்டை கட்டையாக விறகு போட்டிருக்கிறீர்கள்.

இன்னொன்று. பள்ளிக்கூடத்தில் 'ஆசையே துன்பத்துக்குக் காரணம்' என்று மனப்பாடம் செய்தோம். மூலத்தில் இருப்பது தண்ஹா, அதாவது தாகம். அது மூன்று வகை: புலன் இன்பத்துக்கான தாகம், இப்படி ஆக வேண்டும் என்ற தாகம், இது இல்லாமல் ஒழிய வேண்டும் என்ற தாகம். "எனக்குக் கோபமே வரக்கூடாது" என்று பல்லைக் கடித்தீர்களே, அது அந்த மூன்றாவது. நல்லதைச் செய்ய வேண்டும் என்ற முனைப்புக்கு 'சந்தம்' என்று தனிச்சொல்லே உண்டு, அதை யாரும் விடச் சொல்லவில்லை. விட்டால் நீங்கள் காலையில் உட்காரவே மாட்டீர்கள்.

மெதுநடை:

துறவிகளுக்கு மட்டும்தானா என்று கேட்டீர்கள். இதே கேள்வியோடு தீகஜாணு என்ற கோலிய குலத்தவர் ஒருவர் புத்தரிடமே போயிருக்கிறார் (புத்தர் உரைகளின் தொகுப்புகளில் ஒன்றான அங்குத்தர நிகாயம், 8.54). "நாங்கள் வீட்டில் இருப்பவர்கள், பிள்ளைகள் நெருக்கியடிக்கும் கட்டிலில் படுப்பவர்கள், எங்களுக்கு இந்த வாழ்விலேயே பயன்படுகிற மாதிரி சொல்லுங்கள்" என்பதுதான் அவர் கேட்டதன் சாரம். அந்தக் கட்டிலைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, என் வீட்டுக் கட்டில்தான். புத்தர் அவரிடம் எல்லாவற்றையும் விட்டுவிடு என்று சொல்லவில்லை. இம்மைக்கு நான்கு சொல்கிறார். முதலாவது, தொழிலில் திறமையும் முயற்சியும். இரண்டாவது, வியர்வை சிந்தி நேர்மையாகச் சம்பாதித்ததைக் கண்ணும் கருத்துமாகக் காப்பது. நல்லவர் நட்பும் வரவுக்குள் செலவும் மற்ற இரண்டு. உங்கள் 6 வார உழைப்பு அந்த இரண்டாவதில் வராதா என்ன?

பேசுவது பற்றி இன்னொரு தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தில் 58-வது உரையைப் பாருங்கள். கசப்பான வார்த்தையை நீங்கள் சொல்வீர்களா என்று அபயன் என்ற இளவரசன் மடக்கப் பார்க்கிறான். அவன் மடியில் அப்போது ஒரு கைக்குழந்தை. இந்தக் குழந்தை குச்சியோ கல்லோ வாயில் போட்டுக்கொண்டால் என்ன செய்வாய் என்று புத்தர் திருப்பிக் கேட்கிறார். ஒரு கையால் தலையைப் பிடித்து, மறு கையின் விரலை வளைத்து உள்ளே விட்டு, ரத்தமே வந்தாலும் எடுத்துவிடுவேன், குழந்தை மேல் இரக்கம் இருக்கிறதே என்கிறான். அதுதான் பதில். உண்மை, பயனுள்ளது, ஆனால் கேட்பவருக்குப் பிடிக்காது என்றால் புத்தர் நேரம் பார்த்துச் சொல்வார். சொல்லாமல் விடுவதில்லை.

திட்டியவனிடம் "விருந்தாளி சாப்பிடாத சாப்பாடு வீட்டுக்காரனுக்கே, உன் வசை உனக்கே" என்று புத்தர் சொன்ன கதை குழுமங்களில் நிறையச் சுற்றுகிறது. நல்ல கதைதான், ஆனால் அது வசைக்கு. உங்கள் அறிக்கையைத் தூக்கிக்கொண்டு போனவருக்கு அது பொருந்தாது, இங்கே சாப்பாடு உங்களுடையது.

தூக்கம் வராத இரவுக்கு வருவோம். இரண்டு அம்பு உவமை உங்களுக்குத் தெரிந்திருக்கும் (சங்யுத்த நிகாயம் 36.6): வலி முதல் அம்பு, அதை நினைத்துப் புலம்புவது நாமே வாங்கிக்கொள்ளும் இரண்டாவது. பலரும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே சுத்தத்தில் (புத்தரின் உரைக்குப் பாலியில் அதுதான் பெயர்) இன்னொரு வரி இருக்கிறது. பயிற்சி இல்லாதவனுக்கு வலியிலிருந்து தப்ப, புலன் இன்பத்தைத் தவிர வேறு வழி தெரியாது, அதனால் அதன் பின்னால் ஓடுகிறான் என்று. பதினொரு மணிக்கு மேல் போன். நானும் அந்தக் கட்சிதான்.

ஓயாத நினைப்புக்கு மஜ்ஜிம நிகாயம் 20 ஐந்து வழி சொல்கிறது. தச்சன் சின்ன ஆப்பை அடித்துப் பெரிய ஆப்பைக் கழற்றுவதுபோல நினைப்பை மாற்றுவது முதல் வழி. எனக்குக் கைகொடுப்பது நான்காவது: வேகமாக நடப்பவன் "ஏன் இவ்வளவு வேகம்?" என்று மெதுவாகிறான், பிறகு நிற்கிறான், உட்காருகிறான், படுக்கிறான். நினைப்பையும் அப்படிப் படிப்படியாக இறக்குவது. பல்லைக் கடித்து, நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி மனதை அடக்குவதும் அந்த ஐந்தில் இருக்கிறது, ஆனால் கடைசி. மற்ற நான்கும் பலிக்காவிட்டால்தான். நீங்கள் நேராக அங்கே போய் நின்றுவிட்டீர்கள்.

எதிர்க்கட்சி:

எல்லோரும் அவர் மனசையே ரிப்பேர் செய்கிறீர்கள். அடுத்தவர் உழைப்பைத் திருடினாலும் கேட்க ஆளில்லாத இடம் என்றால் அந்த இடத்துக்குத்தானே வைத்தியம் வேண்டும்? இன்றைக்கு நிறைய அலுவலகங்களில் தியான வகுப்பு நடத்துகிறார்கள், வேலைப்பளுவைக் குறைப்பதைவிட அது மலிவு.

பௌத்தத்தைக் குறை சொல்லவில்லை. சிகாலோவாத சுத்தத்தைப் படியுங்கள் (தீக நிகாயம் 31). பெற்றோர், ஆசிரியர், மனைவி மக்கள், நண்பர், வேலையாட்கள், துறவிகள் என்று ஆறு திசைக்கும் கடமை சொல்லியிருக்கிறது. அதில் முதலாளிக்கு ஐந்து: சக்திக்குத் தக்க வேலை, சோறும் கூலியும், நோயில் பராமரிப்பு, அருமையானது கிடைத்தால் பங்கு, நேரத்துக்கு விடுப்பு. தியான வகுப்பு நடத்தச் சொல்லி எந்த வரியும் இல்லை! இதை எந்த மேலதிகாரியாவது சுவரில் ஒட்டி நான் பார்த்ததில்லை.

இரண்டு பிள்ளைக்காரி:

தம்பி, அலுவலகத்தை இவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் அந்தத் தண்ணீர்க் குவளைக்கு வருகிறேன்.

புத்தர் தன் மகனுக்குச் சொன்ன ஒரு பாடம் இருக்கிறது, மஜ்ஜிம நிகாயம் 61. ராகுலன் சின்னப் பையன். புத்தர் வந்து கால் கழுவிவிட்டு, பாத்திரத்தில் மிஞ்சிய கொஞ்சம் தண்ணீரைக் காட்டுகிறார். அறிந்தே பொய் சொல்ல வெட்கப்படாதவனிடம் துறவுத்தன்மை இவ்வளவுதான் இருக்கும் என்கிறார். பிறகு அதைக் கொட்டுகிறார், பாத்திரத்தைக் கவிழ்க்கிறார். சத்தம் இல்லை. அப்புறம், கண்ணாடி எதற்கு என்று கேட்கிறார். பார்ப்பதற்கு என்கிறான் பையன். அதேபோல ஒன்றைச் செய்யும் முன், செய்யும்போது, செய்த பின் என்று மூன்று தடவை பார், உனக்கோ பிறருக்கோ துன்பம் தருமா என்று.

எனக்கு அந்த மூன்றாவதுதான் உயிர். 'முன்'னில் நான் தோற்பேன், 'போது'வில் பாதி நாள் தோற்பேன், நடுவாக்கியத்தில் என் குரல் எனக்கே கேட்கும், அப்போதுகூட நிறுத்த முடியாது. ஆனால் செய்த பின் பார்க்கலாம். வார்த்தையாலோ செயலாலோ தவறியது தெரிந்தால் ஆசிரியரிடமோ விவரம் தெரிந்த நட்பிடமோ ஒத்துக்கொள், இனி கவனமாக இரு என்றுதான் அங்கே இருக்கிறது. மூலையில் உட்கார்ந்து குற்ற உணர்ச்சியில் வேகச் சொல்லவில்லை. மனைவியிடம் ஒத்துக்கொண்டீர்களா? பையனிடம்? ஐந்து வயதுக்குப் புரியாது என்று நினைக்காதீர்கள், முட்டி போட்டு அவன் உயரத்துக்கு இறங்கிச் சொல்லுங்கள். "ஆனால் நீ குவளையை ஓரத்தில் வைத்ததால்தான்" என்று மட்டும் சேர்த்துவிடாதீர்கள், நான் ஒருமுறை சேர்த்துக் கெடுத்தேன்.

பாதித்தூக்கம்:

எல்லோருக்கும் நன்றி. 'விறகு' மண்டையில் உட்கார்ந்துவிட்டது.

நேற்று அந்தப் பக்கத்து இருக்கைக்காரரிடம் தனியாகப் பேசினேன். கதவைத் திறக்கும்போது தாடை இறுகியிருந்தது தெரிந்தது, அது இளகும்வரை கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றேன், உள்ளே இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ. "அந்த அறிக்கை நான் செய்தது, அதை மேலதிகாரியிடம் நீங்களே சொன்னால் நல்லது, இல்லையென்றால் வெள்ளிக்கிழமை நான் சொல்வேன்" என்றேன். குரல் கொஞ்சம் நடுங்கியது. அவர் ஏதோ மழுப்பினார். வெள்ளிக்கிழமை இன்னும் வரவில்லை. எதிர்க்கட்சி சொல்வதும் சரிதான், இரண்டு பேர் வேலையை மூன்று பேர் பெயரில் காட்டும் இடம் எங்களுடையது.

இன்னொரு சந்தேகம். காலையில் அவரை நினைத்து மெத்தா, அதாவது அன்பை வளர்க்கும் தியானம், செய்யப் பார்த்தேன், "நலமாக இருக்கட்டும்" என்று தொடங்கினால் அடுத்த மூச்சில் அந்த மூன்றாம் பக்கம் வந்து நிற்கிறது.

மெதுநடை:

முதல் நாளே பகையாளியிடம் போகாதீர்கள். புத்தகோசர் எழுதிய பழைய தியான வழிகாட்டி நூலான விசுத்திமக்கமே வேண்டாம் என்கிறது. முதலில் உங்களுக்கு, பிறகு மதிக்கும் ஒருவருக்கு, நெருங்கிய நண்பருக்கு, விருப்பும் வெறுப்பும் இல்லாத யாரோ ஒருவருக்கு, அதன் பிறகுதான் அவர். நடுவில் எரிச்சல் வந்தால் பழைய படிக்குத் திரும்பிவிடலாம். எனக்கு ஒருவரிடம் போய்ச் சேர ஏழு மாதம் ஆனது, இன்னும் சில நாள் திரும்பி வருகிறேன்.

பாதித்தூக்கம்:

சரி, அப்படியென்றால் எனக்கே தொடங்குகிறேன். பையனிடம் முட்டி போட்டுச் சொன்னேன் அக்கா. முழுதாகக் கேட்டுவிட்டு, "நீ கத்தும்போது எச்சில் தெறிச்சது" என்றான். அவனுக்கு அதுதான் பெரிய புகாராம்.