கருப்பை வாய்ப் புற்றுநோய்: உள் கரண்ட் 7 கிரே 4 முறையா, 9 கிரே 2 முறையா?

கேள்வி:
அண்ணிக்கு 2பி நிலை. வெளி கரண்ட் (வெளியிலிருந்து கொடுக்கும் கதிர்வீச்சு) 25 தடவை (மொத்தம் 45 கிரே, அதாவது கதிர் அளவின் அலகு), வாராவாரம் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து, இரண்டும் முடியப்போகுது. அடுத்து உள் கரண்ட், அதாவது கருப்பைக்குள் கருவி வைத்துக் கதிர் கொடுக்கணும். ஒரு ஆஸ்பத்திரியில் கதிர் வீசும் பொருள் கோபால்ட், 7 கிரே 4 முறை. இன்னொன்றில் இரிடியம், 9 கிரே 2 முறை. எது நல்லது? உள்ளே வேண்டாம், வெளியிலேயே கூட்டிக் கொடுக்கலாம்னும் ஒருத்தர் சொல்றார்.

பதில் 1:
அந்தக் கடைசி யோசனையை விட்டுடுங்க. கருவி கருப்பைக்குள்ளேயே இருப்பதால் கட்டிக்கு அளவு ஏறும், தள்ளியிருக்கும் மலக்குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் சட்டென்று குறையும். அதே அளவை வெளியிலிருந்து கொடுத்தால் இந்த உறுப்புகள் தாங்காது.

கோபால்ட்டா இரிடியமா என்பது ஆஸ்பத்திரியின் செலவுக் கணக்கு. இரிடியத்தின் அரை ஆயுள் (வீரியம் பாதியாகும் காலம்) 74 நாள், அதனால் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்றணும், கோபால்ட்டுக்கு 5.27 வருஷம். அந்தக் கதிர்ப்பொருள் பழசானால் அதே அளவைக் கொடுக்க நிமிஷம் கூடும், அவ்வளவுதான்.

பதில் 2:
பார்க்க வேண்டியது மொத்த அளவு. ஒரு தடவைக்கு 2 கிரே வீதம் கொடுத்தால் எவ்வளவுக்குச் சமம் என்ற கணக்குக்கு மாற்றினால் (கட்டி கதிருக்கு எப்படி ஈடுகொடுக்கும் என்று காட்டும் ஆல்ஃபா/பீட்டா எண் 10) வெளியில் கொடுத்தது 44. அதோடு 7×4 சேர்ந்தால் 84, 9×2 சேர்ந்தால் 73 தான். இப்போதைய இலக்கு 85-ஐ ஒட்டி. கட்டி நன்றாகச் சுருங்கியிருந்தால் 9×2 பற்றிப் பேசலாம். இல்லையென்றால் 7×4 பக்கம்தான் என் ஓட்டு. நாலு முறை மயக்க மருந்து என்பது தொல்லைதான். ஒரே பொருத்தலில் இரண்டு தடவை, இடைவெளி விட்டுக் கொடுக்கும் இடங்களும் உண்டு, கேளுங்க. எப்படியானாலும் முதல் நாள் வெளி கரண்டிலிருந்து 8 வாரத்துக்குள் எல்லாம் முடியணும்.

பதில் 3:
2பி என்றால் பக்கத் திசுவிலும் பரவியிருக்கு. வெளி கரண்டுக்குப் பிறகும் அங்கே தடிப்பு மிச்சமிருந்தால் கருவியின் குழாயும் (கருப்பைக்குள் போவது) வளையமும் (கருப்பை வாயில் உட்காருவது) மட்டும் போட்டால் கதிர் அங்கே எட்டாது, கதிர் போக அந்தத் திசுவில் ஊசிகளும் சேர்க்கணும். அந்த வசதி எங்கே இருக்கோ அங்கே போங்க. மற்ற வித்தியாசமெல்லாம் இதற்கு அப்புறம்.

குழாய் கருப்பைச் சுவரைக் குத்திவிடும் ஆபத்து உண்டு, அதனால் அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே வைக்கிறார்களா என்று விசாரிங்க. மலக்குடலைத் தள்ளிவைக்க அடைக்கும் காஸ் துணி தளர்ந்தால் மலக்குடல் கருவியை ஒட்டிக்கொள்ளும், அளவு எகிறும். ஒவ்வொரு பொருத்தலுக்கும் புது ஸ்கேன், புது திட்டம் வேணும். மொத்தக் கணக்கில் மலக்குடலில் அதிகம் கதிர் படும் 2 சிசி பகுதிக்கு 75 கிரே தாண்டக் கூடாது, சிறுநீர்ப்பைக்கு 90.

கேட்டவர்:
நன்றி. வீட்டில் கைக்குழந்தை இருக்கு, தள்ளி இருக்கணுமா?

பதில் 1:
வேண்டாம். கதிர்ப்பொருள் சில நிமிஷத்தில் மெஷினுக்குள் திரும்பிடும், உடம்பில் எதுவும் தங்காது. தனி அறையில் இரண்டு மூன்று நாள் படுக்கவைத்தது சீசியம் என்ற கதிர்ப்பொருளை உள்ளேயே விட்டுவைத்த பழைய முறையில்.