மறு: ‘பூட்’ = துவக்கு? எழும்பு?

வணக்கம். கணினிக் கையேட்டுக்கான நம் தமிழ்ச் சொற்பட்டியலில் ‘பூட்’ (boot: மின்சாரம் வந்ததும் கணினி இயங்கத் தயாராவது) என்பதற்கு என்ன சொல் போடுவது என்ற கேள்விக்கு என் பதில் இது.

> பூட் = துவக்கு. புழக்கத்தில் இருக்கும் சொல்தானே, புதிதாக எதற்கு?

சென்னையில் புழக்கம், சரி. இங்கே இலங்கையில் துவக்கு என்றால் சுடுகிற துப்பாக்கி. ‘துவக்கு பழுதாகியுள்ளது, தொழில்நுட்பவியலாளரை அழைக்கவும்’ என்று கொழும்பில் ஒரு திரையில் வந்தால் ஆட்கள் எழுந்து ஓடுவார்கள். ‘பூட்’ என்றே விட்டுவிடலாம் என்பவர்களும் ‘கணினி பூட்டவில்லை’ என்று ஒருமுறை எழுதிப் பார்க்கவும். கதவைப் பூட்டாமல் வந்த கவலைதான் வரும்.

‘தொடங்கு’ குற்றமில்லாத சொல். ஆனால் செயலியையும் தொடங்குகிறோம், பதிவிறக்கத்தையும் தொடங்குகிறோம். பூட் என்பது ‘பூட்ஸ்ட்ராப்’ என்பதன் குறுக்கம்: சப்பாத்து வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்வது. ஒரு சின்ன நிரல் தன்னைவிடப் பெரியதை நினைவகத்துக்குக் கொண்டுவந்து பொறுப்பைக் கொடுத்துவிட்டு விலகும். அது இன்னும் பெரியதைக் கொண்டுவரும். இந்தத் தன்வினை ‘துவக்கு’, ‘தொடக்கு’ இரண்டிலும் இல்லை.

எனக்குச் சொல் கிடைத்தது பெரியம்மாவிடம். போன கிழமை வெள்ளவத்தையிலிருந்து அழைத்தார். அவர் கணினியில் இருப்பது உபுண்டு இயங்குதளம். “தம்பி, ராத்திரி உபுண்டு அப்கிரேட் கேட்டுது, ஓமெண்டு குடுத்தனான். இப்ப எழும்புதில்லை. லைட் எரியுது, உள்ளுக்குக் காத்தாடியும் சுத்துது. முழிச்சுக்கொண்டுதான் கிடக்குது, ஆனா எழும்புதில்லை.”

விழிப்பது வேறு, எழும்புவது வேறு. நாங்கள் மூன்று மாதமாக அடிபட்டுக்கொண்டிருந்த வேறுபாட்டை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். உறக்கநிலையிலிருந்து வருவது விழித்தல். மின்சாரம் வந்ததிலிருந்து இயங்குதளம் காலூன்றி நிற்கும்வரை எழும்பல்.

திரையில் நின்றதை வாசிக்கச் சொன்னேன். “கேர்னல் பானிக்... அன்ஏபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ்... மவுண்ட் எண்டா என்ன, கல்கிசையோ?” (கல்கிசைக்கு ஆங்கிலத்தில் மவுண்ட் லவினியா.)

நான் கொள்ளுப்பிட்டியில் அலுவலகப் படிக்கட்டில் நின்றபடி, அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டு, கிரப் என்ற இயங்குதளத்தை ஏற்றும் நிரலின் பட்டியல் வருவதற்கு எஸ்கேப் பொத்தானைத் தட்டச் சொன்னேன். அவர் கூடத் தட்டிவிட்டார். பட்டியலைத் தாண்டி ‘கிரப்>’ என்று வெறும் கறுப்புத் திரை வந்து நின்றது. திரும்ப முதலிலிருந்து. இரண்டாம் முறை ‘அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்’ வரி கிடைத்தது. அதற்குள் போய்ப் பழைய கருவை (கேர்னல், இயங்குதளத்தின் மையப் பகுதி) தெரிவு செய்ததும் வட்டின் கடவுச்சொல்லைக் கேட்டது. “எழும்பிற்றுது!” என்றார்.

பின்னேரம் 100ஆம் இலக்க பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். மறைக்குறியிட்ட வட்டு என்பதால் எழும்பத் தேவையான கோப்புகள் இருக்கும் ‘/பூட்’ தனிப் பகிர்வு (வட்டில் தனியாகப் பிரித்த பகுதி). அது நூறு வீதமும் நிரம்பியிருந்தது. புதிய கரு இறங்கிவிட்டது, அதற்கான இனிட்ராம்எஃப்எஸ் (இயக்கிகளின் சிறு பொதி) எழுத இடமில்லை. அது இல்லாவிட்டால் மூல கோப்பமைப்பு இருக்கும் வட்டைத் திறக்கக் கருவுக்கு வழி கிடையாது. வேலை செய்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்றப் பழைய கருக்களை நீக்கி, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ், அப்டேட்-கிரப் இரண்டு கட்டளைகளையும் ஓடவிட்டேன். சரி. (அப்கிரேடுக்கு முன் ‘டிஎஃப்’ போட்டு இடத்தைப் பார்க்கும் பழக்கம் எனக்கே இல்லை, பெரியம்மாவை எப்படிக் குறை சொல்வது.)

ஆக என் பரிந்துரை: பூட் = எழும்பு, பெயராக எழும்பல். பூட்லோடர் (கிரப் போன்றது) = எழுப்பி. ரீபூட் = மீளெழும்பு. ‘எழும்பு’ பேச்சுவழக்கு, ‘எழு’ போதாதா என்று கேட்பீர்கள். ‘எழாத கணினி’ அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘எழுத்து’, ‘எழுதல்’, ‘எழுது’ எல்லாம் பக்கத்திலேயே நிற்கின்றன. கோப்பில் எழுதுவதைப் பற்றிப் பேசும் அதே பந்தியில் ‘எழுதல்’ வந்தால் மொழிபெயர்ப்பாளர் தலையில் கை வைப்பார்.

கேர்னலுக்குக் ‘கரு’ என்றே போட்டிருக்கிறேன். ஒலிபெயர்த்தால் இங்கே கேணல் என்ற இராணுவப் பதவிக்குப் பக்கத்தில் போய் நிற்கும். துவக்கோடு கேணலும் சேர்ந்தால் கையேடு முழுக்க இராணுவம்தான்.

இனிட்ராம்எஃப்எஸ்தான் இன்னும் பிடிபடவில்லை. வட்டுக்குப் போய்ச் சேரும்வரை தேவையான இயக்கிகளைக் கட்டிக் கையில் கொடுத்துவிடும் சிறு பொதி. பெரியம்மாவுக்கு விளக்கும்போது ‘சோத்துப் பார்சல்’ என்றேன், உடனே விளங்கியது. பட்டியலில் ‘கட்டுச்சோறு’ என்று போட்டால் எத்தனை பேர் எதிர்ப்பீர்கள்?