ஃபிளாக் ஆக்கியதும் கோப்பு சுருங்கிவிட்டது. வேவ் கோப்பை அழிக்கலாமா? (அவசரம்)

வேலூர்க்காரன் (இரவு 9.14)
அனைவருக்கும் வணக்கம். அக்கா கல்யாணத்து நாகஸ்வரக் கச்சேரி எங்களிடம் ஒரே ஒரு கேசட்டில்தான் இருக்கிறது. அதைக் கணினியில் ஏற்றி, சுருக்காத ஒலியான வேவ் கோப்புகளாக வைத்திருந்தேன். ஃபிளாக் என்றால் இழப்பில்லாத வடிவம் என்று நண்பர் சொன்னதால் நேற்று மாற்றினேன். ஒரு பக்கம் பாதிக்குச் சற்று மேல் வந்தது. இன்னொரு பக்கம் கால்வாசிக்குச் சற்று மேல்தான். இழப்பே இல்லை என்றால் மீதி எங்கே போயிற்று? நாளைக் காலை இந்தக் கணினியைச் சித்தப்பா மகன் எடுத்துக்கொண்டு போகிறான். கையில் இருப்பது 512 எம்பி பென் டிரைவ். அதில் ஃபிளாக் ஏறுகிறது, வேவ் ஏறவில்லை. வேவ் கோப்புகளை அழித்துவிடலாமா? யாராவது உடனே சொல்லுங்கள்.

ஒலிப்பித்தன் (இரவு 9.21)
பொறுங்கள், எதையும் அழிக்காதீர்கள். எந்த மென்பொருளில் மாற்றினீர்கள்? வேவ் கோப்பு 16 பிட்டா, 24 பிட்டா? மாதிரி வீதம், அதாவது விநாடிக்கு ஒலியை எத்தனை முறை அளந்து எண்ணாக்கியது, என்ன? எத்தனை நிமிடம்? இரண்டு கோப்புகளின் அளவையும் எண்ணாகவே போடுங்கள். "கால்வாசி" என்றால் எதில் கால்வாசி?

சுருக்குப்பை (இரவு 9.26)
இதற்கு இவ்வளவு கேள்வி எதற்கு? ஃபிளாக்கில் 0 முதல் 8 வரை சுருக்க நிலைகள் இருக்கின்றன. ஒரு கோப்பை 0-இலும் மற்றதை 8-இலும் மாற்றியிருப்பார். அவ்வளவுதான்.

மூத்தநாடா (இரவு 9.40)
அவ்வளவுதான் இல்லை. நிலை 0-க்கும் 8-க்கும் இடையில் சில சதவீதம்தான் வித்தியாசம் வரும். கணினி கூடுதல் நேரம் யோசிக்கும், ஒலியில் ஓர் எண்கூட மாறாது. பாதி கால் ஆவதற்கு அது காரணமே ஆகாது. ஃபிளாக் நேற்று முளைத்த வித்தையும் அல்ல. 2001-இல் முதல் முழுப் பதிப்பு வந்தது. 2024 டிசம்பரில் ஆர்எஃப்சி 9639 என்று இணையத் தரமாகவே வெளியாகிவிட்டது. இதே கேள்விக்கு நான் எத்தனை முறை பதில் எழுதுவது? தேடல் பெட்டி என்று ஒன்று மேலே இருக்கிறது, தம்பி. அது அலங்காரத்துக்கு அல்ல.

பாலாறு (இரவு 9.52)
வேலூர்க்காரன், "மீதி எங்கே போயிற்று" என்பது நியாயமான கேள்விதான். மூத்தநாடா ஐயாவின் கோபத்தைப் பொருட்படுத்தாதீர்கள்.

எங்கள் தெருப் பால்காரரின் நோட்டு இப்படித்தான் இருக்கும்: "3-ஆம் எண் வீடு, தினம் 1 லிட்டர்." அதன் கீழே "12-ஆம் தேதி கூட அரை, 20-ஆம் தேதி இல்லை." முப்பது நாளுக்கும் முப்பது வரி எழுதமாட்டார். மாதக் கடைசியில் கணக்கு ஒரு சொட்டுப் பிசகாது. வேவ் கோப்பு முப்பது வரியையும் எழுதுகிற நோட்டு. ஃபிளாக், முந்தைய எண்களை வைத்து அடுத்த எண்ணை ஊகித்து, ஊகம் எவ்வளவு தவறியது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறது. தவறிய அளவு சின்ன எண், அதற்கு இடமும் கொஞ்சம்தான். திரும்ப விரிக்கும்போது பழைய எண்கள் அப்படியே வந்துவிடும். எம்பி3 வேறு கதை. காதுக்குத் தெரியாது என்று அது நினைப்பதை நோட்டிலிருந்தே கிழித்துவிடும்.

கேசட் இரைச்சல், தினம் வேறு வேறு அளவு வாங்குகிற வீடு மாதிரி. ஊகிக்கவே முடியாது. அதனால்தான் கேசட் பதிவு அதிகம் சுருங்காது. எனக்கு ஆச்சரியம் பாதிக்கு மேல் வந்த பக்கம் அல்ல. கால்வாசி வந்த பக்கம்தான்.

கடைத்தெரு (இரவு 10.03)
அந்தப் பக்கத்தைக் கடையில் கொடுத்து ஏற்றியிருப்பீர்கள். எம்பி3-இல் பதிந்துவிட்டு அதையே வேவ் என்று மாற்றித் தந்திருப்பான். எனக்கு ஒருவன் இதைச் செய்திருக்கிறான். ஸ்பெக் என்ற நிரலில் கோப்பைத் திறந்து பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டியதுபோல் கறுப்பாக இருந்தால் அதுதான்.

வேலூர்க்காரன் (இரவு 10.10)
கடையில் கொடுக்கவில்லை, நானே செய்தேன். ஆடாசிட்டி. பக்கத்துக்கு 45 நிமிடம். இரண்டு வேவும் 454 எம்பி. முதல் பக்கம் ஃபிளாக்கில் 271, இரண்டாம் பக்கம் 128. பிட் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

மூத்தநாடா (இரவு 10.13)
512 எம்பி பென் டிரைவை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாம்.

ஒலிப்பித்தன் (இரவு 10.19)
பிட் பார்க்க வேண்டாம், கணக்கே சொல்கிறது. விநாடிக்கு 44,100 மாதிரி, இரண்டு சேனல், ஒவ்வொன்றுக்கும் 2 பைட், அதாவது 16 பிட். விநாடிக்கு 1,76,400 பைட். 2,700 விநாடிக்கு 47,62,80,000. விண்டோஸ் அதைத்தான் 454 எம்பி என்று காட்டும். ஆக 16 பிட், ஸ்டீரியோ, குறுந்தகடு தரம். இரண்டு வேவும் ஒரே அச்சு. 24 பிட் வேவை 16 பிட் ஃபிளாக் ஆக்கியிருந்தால் நிஜமாகவே இழப்பு நடந்திருக்கும். இங்கே அது இல்லை.

செம்புக்கம்பி (இரவு 10.31)
எண்ணெல்லாம் சரி, காது என்று ஒன்று இருக்கிறது. என் கருவியில் வேவ் திறந்த வெளியில் வாசிப்பதுபோல் இருக்கும். ஃபிளாக் அதே கச்சேரியை மண்டபத்துக்குள் அடைத்ததுபோல் ஒலிக்கும். வேவ் கோப்பை அழிப்பது பாவம்.

ஒலிப்பித்தன் (இரவு 10.36)
விரித்த பிறகு இரண்டும் ஒரே எண்கள், ஐயா. ஃபூபார்2000 என்ற இசை நிரலில் ஏபிஎக்ஸ் சோதனை இருக்கிறது. எது எது என்று தெரியாமல் 16 முறை கேட்டுச் சொல்லுங்கள், எத்தனை சரி என்று பார்ப்போம்.

செம்புக்கம்பி (இரவு 10.44)
ரசனையைப் பரீட்சை வைத்துப் பார்ப்பதில்லை.

தமிழ்ச்சொல் (இரவு 10.50)
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். "இழப்பில்லாத" என்பது பேச்சுநடை. "இழப்பிலா வடிவம்" என்று எழுதினால் சுருக்கமாக இருக்கும்.

சுருக்குப்பை (இரவு 10.53)
"இழப்பற்ற"தான் பழக்கத்தில் இருக்கிறது. லாஸ்லெஸ் என்றாலே எல்லோருக்கும் புரியும். இதில் மங்கீஸ் ஆடியோ என்று ஒரு வடிவம் உண்டு, கோப்பின் பின்னொட்டு ஏப். அதை எப்படி மொழிபெயர்ப்பீர்கள்? வாலிலாக் குரங்கா?

தமிழ்ச்சொல் (இரவு 10.57)
பெயர்ச்சொல்லை மொழிபெயர்ப்பதில்லை. ஆனால் பாருங்கள், "வாலிலா" என்றுதான் உங்கள் கையும் எழுதியிருக்கிறது.

பாலாறு (இரவு 11.08)
வேலூர்க்காரன், இன்னும் இருக்கிறீர்களா? எனக்கு ஒரு சந்தேகம். ஃபிளாக் இடது வலது சேனல்களை ஒப்பிட்டு, வித்தியாசத்தை மட்டும் எழுதவும் செய்யும். இரண்டும் அச்சு அசலாக ஒன்று என்றால் வித்தியாசம் முழுக்கச் சுழி. ஒரு சேனல் இனாம். 271-க்கும் 128-க்கும் உள்ள உறவைப் பாருங்கள், பாதிதான்.

ஆடாசிட்டியில் இரண்டாம் பக்கத்து வேவைத் திறந்து, ஸ்டீரியோ தடத்தை இரண்டு மோனோவாகப் பிரியுங்கள். ஒன்றை மட்டும் தேர்ந்து எஃபெக்ட் பட்டியலில் இன்வெர்ட் கொடுங்கள். பிறகு இரண்டையும் கலந்துவிடுங்கள். ஒன்று +5 என்றால் மற்றது -5 ஆகிவிடும், கூட்டினால் சுழி. மிஞ்சுவது மட்டமான கோடு என்றால் இரண்டு சேனலும் ஒன்றேதான். ஸ்டீரியோ டெக்கில் ஓடுகிற கேசட் அப்படி வரவே வராது, இரண்டு தடத்திலும் இரைச்சலாவது வேறாக இருக்கும். இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரிதான் பதிந்தீர்களா?

வேலூர்க்காரன் (இரவு 11.31)
கோடு மட்டமாக வந்தது. முதல் பக்கத்தில் அப்படி இல்லை, இரைச்சலோடு தவிலும் லேசாகக் கேட்கிறது. சொல்ல மறந்துவிட்டேன். முதல் பக்கம் நண்பர் வீட்டு மேசைக் கணினியில், பின்னாலுள்ள நீலத் துளையில் செருகிப் பதிந்தது. இரண்டாம் பக்கம் வீட்டில், இந்த மடிக்கணினியில் மைக் துளையில்.

ஒலிப்பித்தன் (இரவு 11.35)
அதைத்தானே முதலில் கேட்க நினைத்தேன்! நீலம் லைன் இன், ஸ்டீரியோ. மடிக்கணினியின் மைக் துளை பலவற்றில் ஒற்றைச் சேனல்தான். இடது பக்கத்தை மட்டும் எடுத்து இரண்டு பக்கத்திலும் நகல் போட்டுவிடும்.

பாலாறு (இரவு 11.41)
ஆக, ஃபிளாக் எதையும் தொலைக்கவில்லை. வலது சேனல் வேவ் கோப்புக்கே வந்து சேரவில்லை. உங்கள் அவசரத்துக்குப் பதில்: ஃபிளாக் கோப்பின் தலைப்பகுதியில் மூல ஒலியின் எம்டி5 கையொப்பம், அதாவது அதன் எண்களிலிருந்து கணக்கிட்ட குறியீடு, இருக்கிறது. ஃபிளாக் நிரலைச் சோதனை முறையில் ஓட்டினால் விரித்துப் பார்த்து அதோடு ஒப்பிடும். பென் டிரைவில் ஏற்றிய நகலையே சோதியுங்கள். பிழை இல்லை என்று வந்தால் வேவை அழிக்கலாம். கேசட்டை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

செம்புக்கம்பி (இரவு 11.58)
அழித்தபின் வருந்துவீர்கள்.

வேலூர்க்காரன் (ஐந்து நாள் கழித்து, காலை 7.20)
சோதித்தேன், பிழை இல்லை. வேவை அழித்துவிட்டேன். இரண்டாம் பக்கத்தில் தவில் சன்னமாகக் கேட்டது, நாடா தேய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கேசட் அக்காவிடம் இருக்கிறது, பொங்கலுக்குக் கொண்டுவருகிறாள். நண்பர் வீட்டிலேயே மறுபடி பதிகிறேன். அக்காவின் ஐபோனில் மியூசிக் செயலி ஃபிளாக்கை ஏற்கவில்லை, அதற்கு என்ன செய்வது? அனைவருக்கும் நன்றி.

மூத்தநாடா (காலை 7.48)
அந்தச் செயலிக்கு ஏலாக் ஆக மாற்றிக் கொடுங்கள். ஆப்பிளின் சொந்த வடிவம், அதுவும் இழப்பில்லாததுதான். ஃபிளாக்கிலிருந்து நேரே மாற்றலாம், எதுவும் குறையாது. மைக் துளை என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தால் இத்தனை பதில் தேவைப்பட்டிருக்காது. பதிவதற்கு முன் டெக்கின் ஹெட்டை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். கேசட்டைக் கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டுப் பிறகு தொடங்குங்கள். பல வருடம் சும்மா கிடந்த நாடா ஒட்டிக்கொண்டிருக்கும்.