சொரியாசிஸுக்கு வைட்டமின் டி களிம்பு: வருஷக்கணக்கில் போடலாமா?

கேள்வி (சாட்ஸ்வர்த், டர்பன்): அம்மாவுக்கு 62 வயசு. முழங்கை, முழங்கால், முதுகில் சொரியாசிஸ். கால்சிபோட்ரியால் என்ற வைட்டமின் டி வகைக் களிம்பை 2 வருஷமாக இருவேளையும் போடுகிறார். வாரத்துக்கு 30 கிராம் டியூப் இரண்டு தீர்கிறது. பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு, எலும்புக்குக் கால்சியம் மாத்திரையும் உண்டு. தோல் மெலிந்துவிடுமா? செதில் உதிர சாலிசிலிக் அமிலக் களிம்பையும் சேர்த்துப் பூச ஆரம்பித்ததிலிருந்து மருந்து கேட்கவே இல்லை.

பதில் 1: தோல் மெலிவது ஸ்டீராய்டால், தம்பி. வெறும் கால்சிபோட்ரியாலால் அது வராது. டியூப்பில் பீட்டாமெத்தசோன் என்றும் போட்டிருந்தால் அது ஸ்டீராய்டு சேர்ந்த கலவை மருந்து. மருத்துவரைக் கேட்காமல் மாதக்கணக்கில் இழுக்காதீர்கள்.

மருந்து கேட்காததற்குக் காரணம் நீங்களே சொல்லிவிட்டீர்கள். அமிலம் பட்டால் கால்சிபோட்ரியால் சிதைந்துவிடும். சாலிசிலிக்கை நிறுத்துங்கள். செதில் கனமாக இருந்தால் குளிக்கும் முன் வெறும் வாஸ்லின் பூசி ஊறவிடுங்கள், துடைத்து உலர்ந்தபின் மருந்து.

பதில் 2: நான் கவலைப்படுவது தோலுக்காக அல்ல, கால்சியத்துக்காக. இது வைட்டமின் டி வகை மருந்து, அதிகம் பூசினால் ரத்தத்தில் கால்சியம் ஏறலாம். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 100 கிராம்தான் உச்சவரம்பு. 60 அதற்குள் அடங்கும். ஆனால் அந்த பிரஷர் மாத்திரை, சிறுநீரில் போக வேண்டிய கால்சியத்தை உடம்பிலேயே நிறுத்தும். மேலே கால்சியம் மாத்திரை வேறு. ரத்தத்தில் கால்சியமும், சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்க்கச் சொல்லுங்கள். அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல், குழப்பம் என்றால் களிம்பை நிறுத்திவிட்டு உடனே காட்டுங்கள். பிரஷர் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேட்டவர்: சரி அண்ணா. அளவு சரியா என்று எப்படித் தெரியும்?

பதில் 1: ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கினால் சுமார் அரை கிராம், விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும். அம்மாவின் படை எட்டு கை அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: தடவைக்கு 2 கிராம், இருவேளைக்கு 4, வாரத்துக்கு 28. ஒரு டியூப்! இரண்டு தீர்ந்தால் பாதி நல்ல தோலில்தான் போகிறது. படையைச் சுற்றி எரிச்சலோ சிவப்போ இருக்கிறதா பாருங்கள், அதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். பூசியதும் கை கழுவச் சொல்லுங்கள். மறந்து முகத்தைத் தொட்டால் அங்கேயும் எரியும்.

கேட்டவர்: புற ஊதா ஒளி சிகிச்சையும் தரப் போகிறார்களாம்.

பதில் 2: அந்த நாட்களில் ஒளி முடிந்தபின் பூசுங்கள், முன்னால் வேண்டாம். புற ஊதா ஏ கதிர் மருந்தைக் கெடுக்கும்.