பதில்: பயோமார்க்கருக்குக் ‘குருதித்துப்பு’ வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம்.

பயோமார்க்கர் என்றால் நோயின் நிலையைக் காட்டும், உடலில் அளக்கக்கூடிய ஒரு பொருள். அதற்குத் தமிழ்ச்சொல் கேட்டதற்கு ஆளுக்கொரு சொல் சொல்லியிருந்தீர்கள். அதில் ‘குருதித்துப்பு’ என்ற பரிந்துரையைப் படித்துச் சிரித்துவிட்டேன். துப்பறிவது என்று நமக்குப் புரியும், சரி. கோபியில் நான் வேலை பார்க்கும் லேபில் ஒரு கர்ப்பிணியிடம் “குருதித்துப்பு பார்க்கணும்” என்றால், எங்கே துப்புவது என்றுதான் கேட்பார்.

‘முன்னறிகுறி’யும் ஒட்டவில்லை. அறிகுறி என்றால் தலைவலி, முகவீக்கம், கண் மங்கல் என்று ஆளுக்கே தெரிவது. இதுவோ ஊசி குத்தி எடுத்தால்தான் தெரியும்.

முன்சூல்வலிப்பு (ப்ரீஎக்ளாம்ப்சியா, அதாவது கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி வரும் நோய்; அதற்கு இதையே வைத்துக்கொள்கிறேன்) இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் இரண்டு புரதங்களை அளக்கிறார்கள். பி.எல்.ஜி.எஃப் ரத்தக்குழாய் வளர உதவும். எஸ்.எஃப்.எல்.டி-1 அதைப் பிடித்து முடக்கிவிடும். நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாதபோது முன்னது இறங்கும், பின்னது ஏறும். பின்னதை முன்னதால் வகுத்தால் ஓர் எண் வரும். அது 38ஐத் தாண்டாவிட்டால் ஒரு வாரத்துக்குள் நோய் வராது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். 2016இல் வெளிவந்த ஆய்வில் இது 99 சதவீதத்துக்கு மேல் சரியாக இருந்தது. தாண்டியவர்களிலோ, நான்கு வாரத்துக்குள் நோய் கண்டது நூற்றுக்கு 37 பேருக்குத்தான். ‘வராது’ என்பதில் கெட்டி, ‘வரும்’ என்பதில் இழுபறி. நாம் தேடும் சொல் இந்த இழுபறியையும் தாங்க வேண்டும்.

போன மாதம் ஓர் அம்மா மகளின் ரிப்போர்ட்டை நீட்டினார். எண் 52. மஞ்சள் ஏறிய நகத்தை அதன் மேலேயே வைத்துக்கொண்டு, “ஏனுங் தம்பி, வந்துருமுங்களா?” என்றார். “வருமுன்னு சொல்லலீங்கம்மா, அடிக்கடி பிரஷர் பாக்கச் சொல்லுதுங்க” என்றேன். அந்த ரிப்போர்ட்டின் தலைப்பில் ‘முன்கணிப்பான்’ என்று இருந்திருந்தால் ஜாதகம் பார்த்துச் சொன்ன மாதிரி நடுங்கியிருப்பார்.

அந்தியூர்க்காரர் சொன்ன ‘சுழி’ எனக்குப் பிடித்தது. சுழி பார்த்து மாடு பிடிக்கிற ஊர் அல்லவா! ஆனால் சுழி மாட்டோடு பிறந்தது, மாறாது. இந்த எண் வாரத்துக்கு வாரம் மாறும். தவிர, சுழி என்றால் பூஜ்யமும் ஆகிவிடும்.

என் பரிந்துரை ‘குருதிக் கைகாட்டி’. அவினாசிப் பக்கம் கைகாட்டிப்புதூர் என்று ஊரே இருக்கிறது, யாருக்கும் விளக்க வேண்டாம். பழைய ரயில் கைகாட்டியில் கை இறங்கியிருந்தால் போகலாம். நீட்டியிருந்தால் நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ‘குருதிகாட்டி’ என்று சுருக்கிவிடாதீர்கள். திசைகாட்டி திசையைக் காட்டுகிற மாதிரி, அது குருதியைக் காட்டுவதாகிவிடும்.

ஒரு சிக்கல் மட்டும் எனக்கே உறுத்துகிறது. மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனினும் பயோமார்க்கர்தான், ஆனால் அது ஏற்கெனவே நடந்த சேதத்தைச் சொல்கிறது. அதையும் கைகாட்டி என்பதா, இல்லை அதற்குத் ‘தடயம்’ என்று தனியாக வைத்துக்கொள்வதா?